தனிக்குடித்தனத்தில் வளர்ந்த அணி

அமெரிக்காவின் பல்கலைக்கழக விளையாட்டு, மாலை நேரத்தில் கல்லூரி மைதானத்தில் நடந்து, ஆண்டு விழாவில் ஒரு சான்றிதழோடு முடிந்துபோகும் விளையாட்டு அன்று. இருபதாயிரம் பேர் அமரக்கூடிய அரங்குகள், பெரும் தொலைக்காட்சி ஒப்பந்தங்கள், பல்கலைக்கழகத் தலைவரைவிடக் கூடுதலாக ஊதியம் பெறும் பயிற்சியாளர்கள் என்று விரிந்த தனி உலகம் அது. அந்த உலகத்தின் கதவு பெண்களுக்கு மிகவும் பிந்தியே திறந்தது. எப்படித் திறந்தது, திறந்த பின் என்ன நேர்ந்தது என்பதை ஒரே ஓர் அணியின் வரலாற்றில் காண வேண்டுமானால், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் உள்ள டென்னசி பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்து அணியைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. 1987 முதல் 2008 வரை 8 தேசியக் கோப்பைகளை வென்ற இந்த அணிக்கு 38 பருவங்கள் பயிற்சியளித்த பேட் சம்மிட், 1,098 வெற்றிகளையும் 208 தோல்விகளையும் கண்டவர். அணியின் பெருமை முழுவதையும் அந்த ஒருவரின் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். ஒரு சட்டம், ஒரு நீதிமன்ற வழக்கு, பெண்களே நிர்வகித்த ஒரு தனித் துறை ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு இந்த அணியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

கூடைப்பந்து 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், கிறித்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். (சென்னையில் 1920-இல் எச்.சி.பக் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியும் அதே சங்கத்தின் கிளைதான்.) ஆட்டம் பிறந்த சில மாதங்களிலேயே, அருகில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குக் கொண்டுவந்தார். ஆனால் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தாண்டக் கூடாது, எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று விதிகளை மாற்றியே கொண்டுவந்தார். பெண்ணுடல் நீண்ட ஓட்டத்தைத் தாங்காது என்ற அக்கால நம்பிக்கை விதிப் புத்தகத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். அது அங்கிருந்து வெளியேற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

டென்னசி பல்கலைக்கழக மாணவியர் 1903-இலேயே கூடைப்பந்து அணி அமைத்து ஆடினர். 1926-இல் அந்த அணி கலைக்கப்பட்டது. இது ஆண் நிர்வாகிகளின் சதி மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. போட்டியும் கட்டணக் கூட்டமும் ஒரு சில வீராங்கனைகளை மட்டுமே வளர்க்கும், மற்ற மாணவியரைப் பார்வையாளராக்கிவிடும் என்று அஞ்சிய பெண் உடற்கல்வியாளர்களே 1920-களில் நாடெங்கும் கல்லூரிகளுக்கிடையிலான மகளிர் போட்டிகளை எதிர்த்தனர். நல்லெண்ணத்தில் பிறந்த அந்த எதிர்ப்பு, ஏறக்குறைய இரண்டு தலைமுறைப் பெண்களைக் களத்திலிருந்து விலக்கி வைத்தது. டென்னசியில் பிற கல்லூரிகளோடு மோதும் மகளிர் அணி மீண்டும் உயிர் பெற்றது 1960-களில்தான்.

அடுத்த திருப்பம் வாஷிங்டனிலிருந்து வந்தது. 1972 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் நிக்ஸன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் காரணமாக எவரையும் விலக்கவோ வேறுபடுத்தவோ கூடாது என்றது. விளையாட்டு என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. சட்டம் இயற்றியவர்களின் எண்ணத்தில் முதன்மையாக இருந்தவை மருத்துவக் கல்லூரி இடங்களும் பேராசிரியர் பணிகளும்தான். ஆனால் நிதி பெறும் நிறுவனத்தின் எல்லாச் செயல்களும் இதற்குள் அடங்கும் என்று ஆனபோது, ஆண்களின் கால்பந்துக்குப் பணத்தை வாரி இறைத்துவந்த பல்கலைக்கழகங்கள் திடுக்கிட்டன. ஆண்கள் விளையாட்டை ஆண்டுவந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், அதாவது என்.சி.ஏ.ஏ., இச்சட்டத்தின் பிடியிலிருந்து விளையாட்டுக்கு விலக்குப் பெற வெளிப்படையாகவே முயன்று தோற்றது.

சட்டம் வந்து இரண்டாண்டுக்குப் பின், 1974-இல், டென்னசியின் மகளிர் அணியை ஏற்றபோது பேட்ரிசியா ஹெட் என்ற அந்தப் பெண்ணுக்கு வயது 22. சம்மிட் என்பது பின்னர் திருமணத்தால் வந்த பெயர். கிளார்க்ஸ்வில் அருகே பண்ணையில் வளர்ந்தவர். அங்கிருந்த பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லாததால், மகள் ஆட வேண்டும் என்பதற்காகவே குடும்பம் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன்மார் விளையாட்டு உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனபோது, இவருக்குப் பெற்றோரே பணம் கட்ட வேண்டியிருந்தது, ஏனெனில் பெண்களுக்கு அப்படியொரு உதவித்தொகையே இல்லை. உதவிப் பயிற்சியாளராக இருந்தபடி முதுகலை படிக்கலாம் என்று நாக்ஸ்வில் வந்தவரிடம், தலைமைப் பயிற்சியாளர் விடுப்பில் போனதால், முழுப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. மாதம் 250 டாலர் உதவிப்பணம். வகுப்பெடுப்பது, தாம் படிப்பது, முழங்கால் காயத்திலிருந்து மீண்டு 1976 ஒலிம்பிக்குக்கு ஆட்டக்காரராகத் தயாராவது, வேன் ஓட்டுவது, சீருடை துவைப்பது ஆகிய எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தன. அந்தச் சீருடையும் டோனட் விற்ற காசில் வாங்கியது. டிசம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் ஒரே புள்ளியில் தோற்றது அணி.

இங்கே ஒரு விதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த அணியின் பிற்கால எழுச்சி அந்த விதி ஒழிந்ததோடு பிணைந்தது. டென்னசி மாநில உயர்நிலைப் பள்ளிகளில் அக்காலத்தில் பெண்கள் ஆடியது ஐவர் ஆட்டம் அன்று, அறுவர் ஆட்டம். மூவர் முன்னணியினர், மூவர் தடுப்பாளர். களத்தின் நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. முன்னணியினர் ஒரு பாதியில் நின்று கூடையில் பந்து போடுவர், தடுப்பாளர் மறு பாதியில் நின்று எதிரணியைத் தடுப்பர். ஆகவே தடுப்பாளராக நிறுத்தப்பட்ட ஒரு பெண், பள்ளிக்காலம் முழுவதும் ஆடிவிட்டு ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறியாமலே வெளியேறுவாள். பல்கலைக்கழக அணிகள் முழுக்களத்தில் ஆடின. உதவித்தொகை வழங்கத் தொடங்கிய பயிற்சியாளர்கள் முழு ஆட்டம் அறிந்தவர்களையே தேடினர்.

1976-இல் ஓக் ரிட்ஜ் நகரின் உயர்நிலைப் பள்ளியில் தடுப்பாளராக ஆடிய ஒரு மாணவி, இந்த விதி தமக்குக் கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பையே அடைக்கிறது என்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். பெண்கள் முழுக்களத்தில் ஓடத் தகுதியுள்ளவர்களே என்று சம்மிட் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். மாவட்ட நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது. ஆனாலும் விவாதம் அடங்கவில்லை. மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகமே சொந்த மாநிலப் பெண்களை அணியில் சேர்க்கத் தயங்கும் நிலை ஏற்பட்டதால், 1979-இல் அந்தச் சங்கம் தானாகவே ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. அயோவாவில் இதே விதி 1993 வரையிலும் ஓக்லஹோமாவில் 1995 வரையிலும் நீடித்தது என்பதோடு ஒப்பிட்டால், டென்னசியின் மாற்றம் எத்தனை முந்தையது என்பது விளங்கும். பேரரங்குகளில் வென்ற கோப்பைகளைவிட, தோற்றுப்போன இந்த வழக்கே அம்மாநிலப் பெண்களுக்கு அணி செய்த பெரிய உதவி என்று சொல்வதில் மிகை இல்லை.

இதே ஆண்டுகளில் நாக்ஸ்வில் பல்கலைக்கழகம் மற்றொரு முடிவையும் எடுத்தது. ஆண்கள் விளையாட்டுத் துறையின் வால்பகுதியாக மகளிர் அணிகளை ஒட்டவைக்காமல், தனி இயக்குநர், தனி நிதித் திட்டம், தனிச் செய்தித் தொடர்பு என்று மகளிருக்கெனத் தனித் துறையே நிறுவியது. 1983 முதல் அதை நடத்தியவர் ஜோன் க்ரோனன். தமிழ்க் குடும்ப வழக்கில் சொன்னால் இது தனிக்குடித்தனம்: வருமானம் குறைவுதான், ஆனால் அடுப்பும் சாவியும் சொந்தம். கால்பந்து அணிக்குப் போக மிஞ்சியது எவ்வளவு என்று ஒவ்வோர் ஆண்டும் கையேந்தி நிற்க வேண்டிய நிலை மகளிர் அணிகளுக்கு இல்லாததால், பயணம், ஆள்சேர்ப்பு, விளம்பரம் எல்லாவற்றையும் நீண்டகால நோக்கில் திட்டமிட முடிந்தது. டென்னசிக்காரர்களுக்குப் பழைய போர்களில் தாமாக முன்வந்து படையில் சேர்ந்ததால் வழங்கும் ‘வாலண்டியர்ஸ்’ என்ற பட்டப்பெயரையொட்டி, மகளிர் அணிகள் ‘லேடி வால்ஸ்’ எனத் தமக்கென ஒரு பெயரையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டன.

நாட்டின் பெரும்பாலான இடங்களில் நடந்ததோ நேர்மாறானது. 1971-இல் பெண் உடற்கல்வியாளர்கள் தாமே தொடங்கிய மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கம்தான் 1972 முதல் மகளிர் தேசியப் போட்டிகளை நடத்திவந்தது. பென்சில்வேனியாவின் சிறு கத்தோலிக்க மகளிர் கல்லூரியான இமாகுலாட்டா முதல் மூன்று கோப்பைகளையும் தொடர்ந்து வென்றது அப்போட்டியில்தான். மகளிர் விளையாட்டில் பணமும் பார்வையாளரும் சேரத் தொடங்கியதும், அதுவரை எதிர்த்துநின்ற என்.சி.ஏ.ஏ. 1982-இல் தானே மகளிர் போட்டியைத் தொடங்கியது. அணிகளின் செலவை ஏற்கும் வசதி படைத்த அந்தப் பெரிய சங்கத்தோடு போட்டியிட முடியாமல் மகளிர் சங்கம் விரைவிலேயே மூடப்பட்டது. அதன் விளைவை ஒரே ஓர் எண்ணிக்கை காட்டும்: 1972-இல் மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர், ஊதியமும் மதிப்பும் உயர்ந்த பின் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. பெண்கள் ஆட வழி செய்த சட்டமே, அவர்களை ஆளும் பதவிகளை ஆண்களுக்குத் திறந்துவிட்டது என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. நாக்ஸ்வில் கூடைப்பந்து அணியில் மட்டும் 1974-க்குப் பின் இன்றுவரை தலைமைப் பயிற்சியாளராக ஓர் ஆணும் வந்ததில்லை.

கோப்பைகளின் கதை பலரும் அறிந்தது. பலமுறை இறுதி நால்வர் சுற்று வரை, அதாவது அரையிறுதி வரை, வந்து வெறுங்கையோடு திரும்பிய அணி, சம்மிட்டின் 13-ஆம் பருவமான 1987-இல் லூசியானா டெக் அணியை 67–44 என வீழ்த்தி முதல் கோப்பையை வென்றது. 1989-இலும் 1991-இலும் அடுத்தவை வந்தன. 1996, 1997, 1998 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அவற்றுள் 1998 அணி 39 ஆட்டங்களிலும் தோல்வி காணாதது என்பதால் அதையே உச்சம் என்பர். ஆனால் ஆட்டத்தை நுணுகிப் பார்ப்பவர்க்கு 1997 அணியே வியப்பு. பருவத்தில் பத்து ஆட்டங்களைத் தோற்று, இது தேறாது என்று பலரும் கைகழுவிய அந்த அணி, மார்ச் மாதத் தேசியப் போட்டியில் மட்டும் ஒன்றையும் தோற்காமல் கோப்பையோடு திரும்பியது. தோற்றால் உடனே வெளியேற வேண்டிய போட்டியில், பருவம் முழுக்கச் சேர்த்த சராசரியைவிட மார்ச் மாதத்தில் அணி எந்த நிலையில் இருக்கிறது என்பதே எடுபடும். சம்மிட் தம் அணிகளுக்கு மிகக் கடினமான எதிரணிகளையே பருவத்தில் அமைத்துக்கொண்டதன் காரணமும் அதுதான். அக்காலத்தில் ஆடிய ஷமீக் ஹோல்ட்ஸ்க்ளா நான்கு ஆண்டுகளில் 3,025 புள்ளிகள் எடுத்தார். செவித்திறன் குறைவோடு பிறந்த டமீகா கேட்சிங்ஸ் பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் பெற்றார். 2007, 2008 கோப்பைகள் கேண்டஸ் பார்க்கரின் காலத்தவை.

கூட்டமும் சேர்ந்தது. 1987 டிசம்பரில், புதிதாகத் திறந்த தாம்சன்-போலிங் அரங்கில் டெக்சாஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பார்க்க 24,563 பேர் வந்தது அன்றைய மகளிர் கூடைப்பந்துச் சாதனை. 1995-இல் தொடங்கிய கனெக்டிகட் பல்கலைக்கழகத்துடனான போட்டி அந்த ஆர்வத்தைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோனது. 2007 வரை மோதிய 22 ஆட்டங்களில் கனெக்டிகட் 13-ஐயும் டென்னசி 9-ஐயும் வென்றன. நான்கு தேசிய இறுதி ஆட்டங்களில் இவ்விரு அணிகளும் சந்தித்து, நான்கிலும் கனெக்டிகட்டே வென்றது. 2007-இல் சம்மிட் இந்தத் தொடரையே நிறுத்திவிட்டார். ஆட்டத்துக்கு அது இழப்பே.

வெற்றிகளைவிட அரிய ஒன்று உண்டு. சம்மிட்டிடம் தகுதிக்காலத்தை முடித்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெற்றார். தகுதிக்காலம் என்பது ஒரு மாணவி பல்கலைக்கழக அணிக்காக ஆட விதி அனுமதிக்கும் நான்கு பருவங்கள். வகுப்புக்குப் போகாதவருக்கு ஆட்டத்தில் இடமில்லை. வகுப்பில் முன் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பதும் அணியின் விதி. ஆண்கள் அணிகளின் நட்சத்திரங்கள் பட்டம் பெறாமலே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது நூற்றுக்கு நூறு என்ற கணக்கு. இதில் காலச்சூழலின் பங்கையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் பெண்களுக்கு நிலையான தொழில்முறைப் போட்டித் தொடர்கள் 1996, 1997-இல்தான் தோன்றின. அதற்கு முன் பட்டத்தைவிட்டுப் போவதற்கு நாட்டுக்குள் நிலையான இடம் இல்லை. ஆனால் போக இடம் வந்த பின்னும் அந்தக் கணக்கு குறையவில்லை.

2011 ஆகஸ்டில், தமக்கு அல்ஸைமர் வகை மறதி நோய் தொடங்கிவிட்டது என்று சம்மிட் தாமே அறிவித்தார். அப்போது வயது 59. ஒரு பருவம் நோயோடு அணியை நடத்தி, 2012 ஏப்ரலில் விலகினார். 2016 ஜூன் 28 அன்று மறைந்தார். அவர் விலகிய அதே 2012-இல், மகளிர் துறையும் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டது. நிர்வாகச் சிக்கனம் என்று சொல்லப்பட்ட அந்த இணைப்பின் உட்பொருள் 2014-இல் வெளிப்பட்டது: அடுத்த ஆண்டு முதல் கூடைப்பந்து தவிர மற்ற எல்லா மகளிர் அணிகளும் ‘லேடி வால்ஸ்’ பெயரையும் சின்னத்தையும் கைவிட வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு ஒரே வணிகச் சின்னம் போதும் என்று அறிவிப்பு வந்தது. பழைய மாணவியரும் ரசிகர்களும் எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டினர், மாநிலச் சட்டமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 2017-இல் பெயர் திரும்பக் கொடுக்கப்பட்டது. துறை திரும்பவில்லை.

அணியின் சரிவுக்கு இணைப்பே காரணம் என்று வாதிடுவோர் உண்டு; அது காலவரிசைக்கு ஒவ்வாது. 2009-இலேயே, சம்மிட்டின் கையிலிருந்தபோதே, அணி வரலாற்றில் முதல்முறையாகத் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் பால் ஸ்டேட் அணியிடம் தோற்றது. பிற பல்கலைக்கழகங்கள் மகளிர் கூடைப்பந்தில் முதலீடு செய்யத் தொடங்கிவிட்டன. முன்பு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் பங்கிட்ட திறமை இப்போது இருபது இடங்களுக்குப் பிரிந்தது. தன்னைப் பார்த்துப் பிறர் கற்றுக்கொண்டதே டென்னசியின் வீழ்ச்சிக்கு முதற்காரணம் எனலாம். ஆனாலும் ஒரு குறையைப் பல்கலைக்கழகத்தின் மீதே சுமத்த வேண்டும். அடுத்தடுத்து வந்த ஹாலி வார்லிக், கெல்லி ஹார்ப்பர் இருவரும் சம்மிட்டிடம் ஆடியவர்கள். அவரது நிழலைத் தொடர்வதே தகுதி என்று கருதி ஆளைத் தேர்ந்ததில், புதிய முறை எதையும் முயல அவர்களுக்கு இடமே தரப்படவில்லை.

ஆட்டத்தின் பொருளாதாரமும் இதற்குள் தலைகீழாகிவிட்டது. 2021 முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் ஈட்டலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். தேசியப் போட்டியில் ஆடும் மகளிர் அணிகளுக்கு, ஆண்கள் அணிகளுக்குப் பல்லாண்டுகளாகக் கிடைத்துவந்ததுபோல வெற்றிக்கேற்ற வருவாய்ப் பங்கு வழங்கப்பட்டதும் 2025-இல்தான் முதல்முறை. சட்டம் வந்து அதற்குள் 53 ஆண்டுகள். இந்த மாற்றம் நியாயமானதே, வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு மாணவி ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் மாறலாம் என்றான பின், நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் ஆடிப் பட்டத்தோடு வெளியேறுவது என்ற பழைய அளவுகோலால் இனி எந்தப் பயிற்சியாளரையும் அளக்க முடியாது. சம்மிட்டின் 1,098 வெற்றிகளை மற்றவர்கள் கடந்துவிட்டனர். பட்டதாரிகளின் கணக்கை எவரேனும் எட்டுவதற்கான சூழலே இனி அமையப்போவதில்லை.

2024-இல் டென்னசி, சம்மிட்டுக்குப் பின் முதல்முறையாக, வெளியிலிருந்து ஒருவரை அழைத்தது: அணியில் ஆடாத, சம்மிட்டோடு தொடர்பில்லாத கிம் கால்ட்வெல். ஆட்டக்காரர்களை ஐந்து ஐந்து பேராக அடிக்கடி மாற்றி, முழுக்களத்திலும் ஓயாமல் எதிரணியை நெருக்கும் முறை அவருடையது. ஒரு காலத்தில் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று பெண்களுக்கு விதித்த மாநிலத்தில் இது நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் அவருக்குக் குழந்தை பிறந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் களத்தோரம் திரும்பினார். சம்மிட் நிறுத்திய கனெக்டிகட் தொடர் இதற்குள் மீண்டும் தொடங்கியிருந்தது; பிப்ரவரி 6 அன்று நாக்ஸ்விலில் அவரது அணி கனெக்டிகட்டை 80–76 என வென்றது. இரண்டு மாதங்களுக்குப் பின் தேசியக் கோப்பையை வென்றது கனெக்டிகட். அது அவர்களின் பன்னிரண்டாவது. டென்னசியின் கணக்கு 2008-இல் நின்ற எட்டிலேயே இருந்தது.